பெரட்டில் அப்பாவின் பெயர்

எங்கள் லயத்தில் அப்பாவின் பெயரைத் தினமும் காலையில் கூப்பிட்டார்கள். அப்பா மலைக்குக் கீழே, சிறையில் இருந்தார். கங்காணி அவர் பெயரைச் சொன்னதும் அம்மா "லீவு" என்பார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள். உடனே அடுத்த பெயர் வந்துவிடும்.

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள். பெரட்டு என்பது வேலைக்குக் கிளம்பும் முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. இரண்டும் எங்கள் ஆட்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வரும்போது கூடவே கொண்டுவந்த சொற்கள். குன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து இத்தனை காலமாகியும் பெரியவர்கள் அவற்றை மாற்றவில்லை. ஃபேக்டரியைக்கூட ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள்.

தேயிலை விலை விழுந்தபோது கம்பெனி முதலில் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றது. அடுத்து ஜீப்பை விற்றது. அதற்கடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில்கள் போயின. கடைசியில் மேனேஜர் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினார். இன்றுவரை அந்தக் கல்யாணம் முடியவில்லை. வருகைப் பதிவேடுகளும் அவரோடு போய்விட்டன. அதன்பின் எங்கள் ஆட்களே கொழுந்து பறித்து, சுற்றுவட்டாரத்தில் இலை வாங்கும் ஃபேக்டரிக்குப் போட்டுக் கிடைத்ததைப் பிரித்துக்கொண்டார்கள். கேத்தியில் கேரட் பிடுங்கும் நாட்களில் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள்.

ஆனாலும் பெரட்டு நிற்கவில்லை. கங்காணி மனப்பாடமாகக் கூப்பிட்டார், முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடுவரை. அந்த வரிசையில் ஒரு பெயரை விட்டால் அடுத்தது அவருக்கு வராது. மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் யாரையும் விடுவதில்லை. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன பையன்கள், பிரசவத்துக்குப் போன பெண், சிறையில் இருந்த அப்பா, எல்லாரும் தினமும் கூப்பிடப்பட்டு லீவு ஆனார்கள். இறந்தவர்களின் பெயர் மட்டும் கருமாதிக்கு மறுநாள் வரிசையிலிருந்து எடுக்கப்படும். அன்றைக்குக் கங்காணி நாலைந்து தடவை தடுமாறுவார். யாரும் சிரிக்க மாட்டோம்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவள். அந்த இலை வாங்கும் ஃபேக்டரியில்தான் எனக்கு வேலை. கொழுந்து வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகள், ரோலர், டிரையர், இவற்றின் மோட்டார்கள் என் பொறுப்பு. மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் சப்ளை, பிறகு ஃப்யூஸ், பிறகு ஸ்டார்ட்டர், கடைசியில்தான் வைண்டிங் என்று பார்க்க வேண்டும். வரிசை போடாமல் எனக்கு யோசிக்க வராது. அப்பா விஷயத்தையும் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். அவர் செய்தது. அதற்குக் கோர்ட் கொடுத்தது. கோர்ட் கொடுக்காமலே சேர்ந்துகொண்டது.

அவர் செய்தது இது. அவர் டீத்தூள் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குப் போகும் சாக்குகளுக்கு நடுவே, இலங்கையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இயக்கத்துக்குச் சாமான் கொண்டுபோனார். பேட்டரி, மருந்து, டயர் டியூப். பிறகு சில மரப்பெட்டிகள். பெட்டியில் என்ன என்று அவர் கேட்கவில்லை. அதில் வெடிமருந்து இருந்ததாகக் கோர்ட்டில் நிரூபணமானது. கேட்காமல் இருந்ததும் ஒரு செயல்தான் என்று எனக்கு விவரம் தெரிந்த வயதில் அவரே சொன்னார், சிறையின் இரட்டைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. ஆகவே அவர் குற்றமற்றவர் என்று இதில் எங்கேயும் எழுதப்போவதில்லை. அப்படி எழுதச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

கோர்ட் கொடுத்தது, பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் நீண்ட தண்டனை. அதை நாங்கள் மேல்முறையீட்டில் தோற்று ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாவதுதான் தீரவில்லை. அம்மாவின் குடும்பம் இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தது. அப்பாவின் குடும்பமும் அதற்கே விண்ணப்பித்திருந்தது. ஆனால் அவர்கள் முறை வரும் முன் அங்கே கலவரம் வந்துவிட்டது. வீடு எரிந்த பிறகு அப்பா படகில் வந்தார். அந்த நாடு அவரைத் தன் குடிமகனாக எழுதிக்கொண்டதில்லை. இந்த நாட்டுக் காகிதமும் வந்து சேரவில்லை. தீர்ப்பில் அவர் வெளிநாட்டவர். தண்டனை முடிந்த அன்று அவர் வீட்டுக்கு வரமாட்டார் என்றார் எங்கள் வக்கீலம்மா. சிறப்பு முகாம் என்ற பெயரில் இன்னொரு பூட்டிய இடத்துக்குப் போவார், அங்கிருந்து நாடு கடத்தப்படுவார். தண்டனை முடியப்போகும் நேரத்தில் ஒரு தாளும் வந்தது. நாடு திரும்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் சீக்கிரமே விடுவிப்பதைப் பரிசீலிப்பார்களாம்.

போட்டுவிடலாம் என்றார் அம்மா. வெளியே இருந்தால் போதும், எந்த மண்ணாக இருந்தால் என்ன என்பது அவர் கணக்கு. அப்பாவுக்கு அந்த மண்ணில் ஒருவர்கூட மிச்சமில்லை.

வக்கீலம்மா வேறு வழி சொன்னார். முதலில் பரோல் கேட்போம். வெளிநாட்டவருக்குப் பரோல் இல்லை என்று இதுவரை தள்ளிவிட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் வாதாடி ஒரே ஒரு தடவை வாங்கிவிட்டால், அவர் வீட்டுக்கு வந்து, சொன்ன நாளில் திரும்பிப் போய்விட்டால், இந்த மனிதருக்கு இங்கே வீடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், சொன்ன சொல் கேட்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. நாடு கடத்தும் ஃபைலில் வைக்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

பரோலுக்கு முன் விசாரணை உண்டு. நன்னடத்தை அலுவலர் ஒருவர் ஊருக்கு வந்து, இந்த ஆள் வந்தால் யாருக்காவது ஆட்சேபணை உண்டா, அமைதி கெடுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுவார். வீடு கம்பெனியுடையது, கம்பெனியைக் காணவில்லை என்பதால் யாருடைய சம்மதத்தைக் கேட்பது என்று அவர் அலுவலகத்துக்கே முதலில் புரியவில்லை. ஓடிப்போன மேனேஜரைக் கண்டுபிடித்தால் எங்கள் ஆட்களுக்கும் சொல்லுங்கள், பாக்கிச் சம்பளம் இருக்கிறது என்று பதில் எழுதிப் போட்டேன். அதன்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

அம்மாவின் பயம் வேறு. கடைசி வீட்டு அத்தை.

அத்தை என்று கூப்பிடுகிறேன், சொந்தமில்லை. அவருடைய தம்பி இலங்கையிலேயே தங்கிவிட்டவர். கலவரத்துக்குப் பின் வடக்கே போய் ஒரு கடையில் வேலை பார்த்தார். காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி இயக்கத்தார் அவரை விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். அப்பா சாமான் கொண்டுபோனது அதே இயக்கத்துக்கு. அப்பா கைதான பிறகுதான் அத்தைக்கு அது தெரிந்தது. அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவர், பிறகு எந்த முறையும் வைத்துச் சொன்னதில்லை. பெரட்டில் அப்பாவின் பெயர் வரும்போது அவர் மட்டும் குனிந்து, செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றும் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அம்மாவோடு பேசுவார், எனக்கு இட்லி கொடுத்தனுப்புவார். அந்த ஒரு பெயர் மட்டும் அவர் வாயில் வராது.

"விசாரணைக்கு வர்ற அன்னைக்கு அவள கேத்திக்குக் கேரட்டுக்கு அனுப்பிடலாம்டி. கூட ரெண்டு பேரச் சேத்துவிட்டா சந்தேகம் வராது," என்றார் அம்மா.

"அவங்க தம்பி செத்தத மறைச்சு வாங்குற பரோல் அப்பாவுக்கு வேணாம்," என்றேன்.

"உனக்கு வேணாம்னு சொல்லு. அவருக்கு வேணுமா வேணாமான்னு நீ யாரு சொல்ல?"

அம்மா கேட்டது நியாயம். இருந்தாலும் அத்தையைக் கேத்திக்கு அனுப்ப நான் விடவில்லை.

அலுவலர் முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். சமவெளிக்காரர், குளிருக்குப் பழகாதவர். காது மூடிய குல்லாவோடு பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். யாரோ கேரட் வியாபாரி என்று நினைத்துக் கங்காணி தன்பாட்டுக்குப் பெயர் கூப்பிட்டார். அப்பாவின் பெயர் வந்தது. அம்மா "லீவு" என்றார்.

அலுவலர் ஃபைலைத் திறந்தார், பெயரைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க இப்பக் கூப்பிட்டது யாருங்க?"

கங்காணி சொன்னார்.

"அவரு ஜெயில்ல இருக்காருங்களே."

"ஆமாங்க. அதான் லீவு."

"தண்டனைக் கைதி எப்படிங்க லீவுல இருப்பாரு? சம்பளம் போகுதா அவருக்கு?"

"எங்களுக்கே போகலீங்க," என்றார் கங்காணி.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அலுவலருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, கெட்ட மனிதர் இல்லை, பொறுமையாகவே சொன்னார்: பயங்கரவாதக் குற்றவாளியின் பெயரை ஊரே கூடித் தினமும் சொல்கிறது என்று நான் எழுதினால் மேலே என்ன நினைப்பார்கள்? வீரவணக்கம் செலுத்துகிறார்கள் என்பார்கள். வரிசையில் ஒரு பெயரை விட்டால் கங்காணிக்கு அடுத்தது வராது என்று விளக்கினேன். அதை எப்படிங்க ரிப்போர்ட்டில் எழுதுவது என்று கேட்டார். அப்படியே எழுதுங்கள் என்றேன். நாளைக்கும் வந்து கேளுங்கள், பிரசவத்துக்குப் போன பெண்ணையும் அதே குரலில்தான் கூப்பிடுவார்.

பிறகு எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார். நல்லவர், தண்ணி போட மாட்டார், வரட்டும் என்று வரிசையாக வந்தது. கங்காணி, அவர் லாரியை வளைவில் திருப்பும் அழகைச் சொன்னார். ஆட்சேபணை உள்ளவர்கள் யாராவது என்று அலுவலர் முடிக்கப்போகும்போது அத்தை முன்னால் வந்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

அத்தை தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கடை, கம்பம், உடலைக் கொடுக்காதது. குரல் ஏறவில்லை. அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்படியென்றால் உங்களுக்கு ஆட்சேபணைதானே அம்மா என்றார்.

"கோவம் இருக்குதுங்க," என்றார் அத்தை. "அந்த ஆளு இங்க வந்தாத்தானே நான் கேக்க முடியும்? அங்கிட்டே வச்சிருந்து அப்படியே கப்பலேத்திட்டா நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

"வரலாங்கிறீங்களா, வேண்டாங்கிறீங்களா?"

"வரச்சொல்லுங்க. எழுதிக்கங்க, நான் நல்லவருன்னு சொல்லல."

அலுவலர் அதை அப்படியே எழுதினார். அவர்மேல் எனக்கு அதற்காக இன்றும் மரியாதை உண்டு. அன்று ஃபேக்டரிக்கு அரைமணி தாமதமாகப் போய் ஒரு ரோலர் மோட்டாரின் பேரிங்கைக் கழற்றினேன். அதே நட்டை இரண்டு முறை கீழே போட்டேன்.

உயர்நீதிமன்றத்தில் அத்தையின் வார்த்தைகளை இரண்டு பக்கமும் படித்தார்கள். அரசுத் தரப்பு அதை ஆட்சேபணை என்றது. வக்கீலம்மா அதை அழைப்பு என்றார். பெரட்டில் பெயர் கூப்பிடுவதும் வந்தது. அமைதிக்குப் பங்கம் என்று அரசுத் தரப்பு சொல்ல, லீவு என்று சொல்வதில் என்ன பங்கம் என்று நீதிபதி கேட்டதாக வக்கீலம்மா பிறகு சொன்னார். மூன்று நாள் கிடைத்தது. துப்பாக்கியோடு இரண்டு போலீஸ் கூடவே இருப்பார்கள். லயத்தையும் அதை ஒட்டிய மலைச்சரிவையும் தாண்டக் கூடாது. செய்தியாளர்கள் யாரையும் பார்க்கக் கூடாது. எந்தச் செய்தியாளர் எங்கள் ஏற்றத்தில் நடந்து வரப்போகிறார்?

அப்பா வந்தபோது எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டு வாசலில் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வாங்க என்று அம்மா சொன்ன பிறகும் நின்றார். யாராவது கதவைத் திறந்துவிட்டால்தான் நுழைவது என்று அவர் உடம்புக்குப் பழகிவிட்டிருந்தது. கதவு திறந்தேதான் கிடந்தது. போலீஸ்காரர்களைப் புள்ளக்காம்பராவில் தங்கவைத்தோம். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடும் அறை அது, கம்பெனி போனபிறகு பூட்டிக் கிடந்தது. சுவரில் முயலும் பலூனும் வரைந்திருக்கும். பொள்ளாச்சிக்கார இளம் போலீஸ்காரர் பலூனுக்குக் கீழே துப்பாக்கியைச் சாத்திவிட்டு, இந்தக் குளிரில் யார் தப்பித்து ஓடுவார்கள் என்று அம்மாவிடம் இரண்டாவது கம்பளி கேட்டார்.

மறுநாள் காலை அப்பா பெரட்டுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, அம்மா எழுந்து போனதும் பின்னாலேயே வந்துவிட்டார். வரிசையில் எங்கள் வீட்டு இடத்தில் நின்றார். கங்காணி முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் வீடு வந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"லீவு," என்றார்கள் நாலைந்து பெண்கள், பழக்கத்தில்.

அம்மாவும் சொன்னார். அதுதான் கொடுமை. அப்பா வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, ஆளு இங்கதானுங்க நிக்கறாரு," என்றார் பொள்ளாச்சிக்காரர். "லீவுன்னா நான் யாருக்குங்க காவல் நிக்கறேன்?"

களம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிறையில் பார்க்கப் போனபோதெல்லாம் அவர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்காகச் சிரிப்பது. இது வேறு. அவரை மறுபடி கூப்பிடுங்கள் என்று யாரோ கத்த, நடுவில் திரும்பினால் எனக்கு வரிசை போய்விடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கங்காணி மறுத்துவிட்டார். அப்பாவுக்கு லயத்தை ஒட்டிய சரிவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலை. டிரைவர் கைக்குக் கத்தி எப்படிப் பிடிக்கும் என்று பெண்கள் கிண்டலடித்துக்கொண்டே போனார்கள்.

அத்தை அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அப்பா எழுந்து நின்றார். வாசலில் போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் தம்பியச் சுட்டது அவங்கதான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் அப்பா.

"லாரி ஓட்டும்போதே தெரியுமா?"

"தெரியும் தங்கச்சி. நீ அழுததப் பாத்துட்டுத்தான் அடுத்த லோடு ஏத்துனேன்."

இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. நான் போட்டு வைத்திருந்த மூன்று பிரிவுகளில் முதலாவதில் இது இல்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை மேலே கேட்காமல் போய்விட்டார். இருட்டிய பிறகு மறுபடி வந்தார். ஏன் என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டைக் கொளுத்தியவர்களை எதிர்த்து நின்றது அவர்கள்தான் என்பதால் அவர்களை நம் ஆட்கள் என்று நினைத்தேன், உன் தம்பிக்கு நடந்ததைப் பெரிய காரியத்தில் வந்த ஒரு பிசகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்றார் அப்பா.

"பிசகுக்குப் பேரு இருக்குல்ல," என்றார் அத்தை. "உன் பேர தெனமும் கூப்புடுறாங்க. நானும் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என் தம்பி பேர யாரு கூப்புடுறது?"

அப்பா அந்தப் பெயரைச் சொன்னார்.

"இங்க வேணாம். நாளைக்குப் பெரட்டுல சொல்லு. எல்லாரு முன்னாடியும்."

அன்றிரவு வீட்டில் நடந்த பேச்சு நீளமானது. போலீஸ் நிற்கிற இடத்தில் அப்படிச் சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடும், ஃபைலில் போய் உட்காரும், நாடு கடத்துவதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும் என்றார் அம்மா. விஷயம் கேள்விப்பட்டு வந்த கங்காணியும் அதையே சொன்னார். இறந்தவர் பெயரைப் பெரட்டில் சொல்வது முறையும் இல்லை என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ என்ன பாப்பா சொல்ற?"

"அவங்க அதக் கேக்கத்தான் உங்கள வரச்சொன்னாங்க," என்றேன். "அதச் சொல்லிட்டுத்தான் பரோல் வாங்கியிருக்கோம்."

கடைசி நாள் காலை பனி இறங்கியிருந்தது. கங்காணி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அப்பாவின் பெயர் வந்ததும் ஒருவரும் லீவு சொல்லவில்லை. "இருக்கேன்," என்றார் அப்பா. பிறகு வரிசையை விட்டு முன்னால் போனார். அத்தையின் தம்பி பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரோடும் பிறந்த தோட்டத்தின் பெயரோடும். அவரை இயக்கம் கம்பத்தில் கட்டிச் சுட்டது என்றார். அது தெரிந்தும் அந்த இயக்கத்துக்கு நான் சாமான் கொண்டுபோனேன் என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அத்தை அதைக் கேட்கவும் இல்லை.

கங்காணிக்கு வரிசை போய்விட்டது. முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

சிலருக்குக் கோபம். போலீஸ் முன்னால் நம் ஆளைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அத்தையைப் பேசினார்கள். அம்மா வெகுநாள் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மத்தியானம் அப்பா கிளம்பியபோது பொள்ளாச்சிக்காரர், இதையெல்லாம் நான் எழுதணுங்களா என்று என்னிடமே கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். ஜீப்பின் பின்பக்கம் ஏறும் முன் அப்பா தானாகவே கைகளை நீட்டினார். விலங்கை வைத்துக்கொண்டு அவர்கள்தான் தயங்கினார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே சிறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மறுநாள் வக்கீலம்மா சொன்னார்.

அடுத்த வாரம் அந்தச் சம்மதத் தாளை அப்பாவிடம் மறுபடி நீட்டியிருக்கிறார்கள். சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீக்கிரம் வெளியே வரும் வழியை அவர் கையாலேயே மூடிவிட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெரட்டில் எப்போதும்போல லீவு என்றார்.

நாடு கடத்தக் கூடாது என்று அரசுக்கு அனுப்பும் மனுவை நான் எழுதினேன். வக்கீலம்மா திருத்தினார். மனைவி, மகள் இந்தியக் குடிமக்கள். அந்த நாட்டில் இவருக்குக் குடியுரிமையும் இல்லை, உறவும் இல்லை. தண்டனையை முழுதாக அனுபவிக்கிறார். பரோலில் போய் நேரத்துக்குத் திரும்பியவர். இவற்றுக்கு மேல், முதல் காரணமாக நான் வேறொன்றை எழுதியிருந்தேன். இவர் செய்ததைக் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர் இந்த லயத்தில் இருக்கிறார். அவர் கேட்டு முடிக்கவில்லை. இவர் இங்கே இருந்து பதில் சொல்ல வேண்டியவர். கூடவே பெரட்டில் அப்பா சொன்னதை வார்த்தை மாறாமல் சேர்த்திருந்தேன்.

வக்கீலம்மா அந்தப் பத்தியை அடித்துவிட்டார். தெரிந்தே செய்தார் என்று நாமே எழுதிக் கொடுப்பதா என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது சரி. நான் அப்பாவைப் பார்க்கப் போய்க் கேட்டேன். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வார்த்தை சொன்னார்: இருக்கட்டும். அத்தையிடமும் கேட்டேன், அவர் பெயர் வருகிறதே என்று.

"தம்பி பேரும் வருதா?"

"வருது அத்த."

"அப்ப அடிக்க விடாத."

திருப்பிச் சேர்த்து அனுப்பினேன். இந்த நாடு என் அப்பாவைத் தண்டித்தது. அதை நான் கேள்வி கேட்கவில்லை. தண்டனை முடிந்த மனிதரை, அவர் பதில் சொல்லவேண்டியவர்களின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதைக் கேட்கிறேன். யாருக்குப் பாதுகாப்பு? அத்தைக்கு இல்லை. அத்தையைவிட அவர்மேல் கோபப்பட உரிமை உள்ளவர் இந்த மலையில் யாரும் இல்லை.

முடிவு வரவில்லை. தேயிலை விலையும் ஏறவில்லை. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடுகிறது. மீதி நாட்களில் நான் கைக்கு வந்த வயரிங் வேலைகளைச் செய்கிறேன். அத்தை இப்போதும் அப்பாவின் பெயர் வரும்போது குனிந்து சாக்கை இறுக்கிக்கொள்கிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கடைசி வீட்டில் அத்தையின் பெயருக்குப் பிறகு கங்காணி இன்னொரு பெயரும் சொல்கிறார். முறை இல்லைதான். அதற்கு யாரும் லீவு என்று சொல்வதில்லை. கொஞ்சம் பொறுத்து எல்லாரும் கூடையை எடுக்கிறார்கள்.

மனுவின் மேல் விசாரணைக்கு வேறொரு அதிகாரி வரப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. மத்தியானம் வருவதாக எழுதியிருக்கிறார்கள். காலையில் வரச்சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன், பெரட்டு நேரத்துக்கு.